படத்தில் விழாத சிவப்பு வளையம்

இருபத்தாறு வயதில் ஒருத்தி ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நால்வரும் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரியுங்கள். ஆனால் என்னோடு சேர்ந்தவர்களில் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் இந்த ராணுவப் பிரிவில் இப்போது யாரும் இல்லை. போர் முடிந்ததும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மிஞ்சியவள் நான் ஒருத்தி. நானும் அடுத்த மாதம் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லித்தரப் போகிறேன். எது எங்கே இருக்கிறது என்று பட்டியல் கேட்டீர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடிகள், அளவுகோல்கள், படப் பெட்டிகள், அலமாரிச் சாவிகள் எல்லாம் தனித்தாளில் வரிசை எண்ணோடு இருக்கின்றன. அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

வேலையின் முறைகளை எழுதப் போவதில்லை. படத்தில் விமானத்தின் சக்கர அளவை வைத்து இறக்கைக்கு அடியில் தொங்கும் குண்டின் நீளத்தைக் கணக்கிடுவது, வால் துடுப்பைப் பார்த்து இனம் சொல்வது எல்லாம் பயிற்சியில் கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் தள்ளி, குற்றாலத்தில் ஒரு பங்களாவில் இந்தப் பிரிவை ஏன் வைத்தார்கள் என்று உங்களில் ஒருவர் கேட்டார். தண்ணீருக்காகத்தான். படம் கழுவ ஓடுகிற குளிர்ந்த நீர் வேண்டும். அது இங்கே கோடையிலும் கிடைக்கும். சாரல் காலத்தில் வாசலில் அருவிக்கு எண்ணெய் தேய்த்த உடம்புகளாகப் போய்க்கொண்டிருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை கற்பித்த மேலதிகாரி நில அளவைத் துறையிலிருந்து வந்தவர். திருநெல்வேலிக்காரர். தம் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பார். நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு படத்தைக் கொடுத்தார். பதினோரு போர் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு குண்டுகள், ஆக மொத்தம் இருபத்திரண்டு என்று அறிக்கை எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"பெட்ரோல் ஊத்துத மூடி வச்ச குண்டை நான் இதுவரைக்கும் பாத்ததில்லம்மா" என்றார்.

அத்தனையும் நெடுந்தூரப் பயணத்துக்காகத் தொங்கவிடும் பெட்ரோல் தொட்டிகள். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு இழுத்து, இடப்பக்கம் 'கண்டது' என்றும் வலப்பக்கம் 'கருதியது' என்றும் எழுதினார். நீண்டு உருண்டதாக ஒரு பொருள், அது கண்டது. குண்டு, அது கருதியது. அன்று முதல் இந்தப் பிரிவில் எல்லா அறிக்கையும் இரண்டு பத்தியாகத்தான் எழுதப்படுகிறது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. நான் இயல்பாகவே பட்டியல் போடுகிறவள். நாலு ஆண்டில் அந்த முறையில் ஒரு பிழையும் செய்ததில்லை. அதனால்தான் ஐந்தாம் ஆண்டில் செய்த பிழை என் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று.

போர் முடிந்த மறு வருஷம், வைகாசி மாதம். ஆயிரப்பேரிக்குத் தெற்கே மலையடியில் ஒரு சிறு குளம் உண்டு. முந்தின கார்த்திகை மழையில் அதன் கரை உடைந்துவிட்டது. ஊரார் கூடி அந்த உடைப்பை அடைக்க மண் வெட்டினார்கள். உடைப்பின் வாய்க்குள்ளேயே, களிமண்ணில் பாதி புதைந்து ஒரு குண்டு கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு போர் விமானம் எஞ்சின் பழுதாகி மேலே மலையில் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். விழுவதற்கு முன் விமானி பாரத்தைக் கழற்றிவிட்டிருக்கிறார். அவர் பிழைக்கவில்லை. அவர் இருந்த விமானப் படையும் கிழக்கே போய்க் கலைந்துவிட்டது. குண்டின் சரித்திரம் சொல்ல ஆள் இல்லை.

தாசில்தார் எங்களுக்குக் கடிதம் எழுதினார். கேள்வி ஒன்றுதான். அது வெடிமருந்து அடைத்த குண்டா, அல்லது பயிற்சிக்காக மணல் அடைத்த குண்டா? இரண்டும் ஒரே கூடுதான், ஒரே எடைதான். வெடிமருந்து அடைத்ததற்கு மூக்கோரம் ஒரு சிவப்பு வளையம் தீட்டியிருப்பார்கள். மணல் குண்டுக்கு அது கிடையாது. இந்தக் குண்டிலோ சேற்றில் கிடந்து வர்ணமே மிச்சமில்லை. மணல் குண்டு என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் ஊராரே அகற்றிக்கொள்ளலாம். வெடிகுண்டு என்றாலோ, தெரியவில்லை என்றாலோ, வெளியூரிலிருந்து வெடிகுண்டு அகற்றும் குழு வர வேண்டும். அதுவரை குளத்துப் பக்கம் யாரும் மண்வெட்டியோடு போகக் கூடாது.

மேலதிகாரியும் நானும் ஜீப்பில் போய்ப் பார்த்தோம். சிவப்புத் துணி கட்டிய நான்கு கம்புக்கு நடுவில் அது கிடந்தது. வால் ஒடிந்து போயிருந்தது. காவலுக்கு ஒரு ஏட்டையா குடையோடு உட்கார்ந்திருந்தார். அங்கேதான் பூலுடையாரைப் பார்த்தேன். குளத்துக்கு நேர் கீழே அவர் நிலம். உடைப்பு அடைத்தால் முதல் தண்ணீர் அவருக்கு, அடைக்காவிட்டால் முதல் நட்டமும் அவருக்கு. வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் அவர் மனைவி இசக்கியம்மாள், கையில் கஞ்சிச் சட்டியோடு நின்றாள்.

போன வருஷமே கார் நெல் பொய்த்துவிட்டது என்றும், ரேஷனில் கிடைக்கிற அரிசியில் பிள்ளைகளுக்கே போதவில்லை என்றும் அவர் சொன்னார். விதை நெல்லை மட்டும் தொடாமல் வைத்திருந்தார்கள். சாரல் இறங்குவதற்குள் கரை அடைபட்டால் நாற்றுப் பாவலாம். அடைக்க எத்தனை நாள் ஆகும் என்று மேலதிகாரி கேட்டார். ஊர் முழுக்க இறங்கினால் இரண்டு நாள் போதும் என்றார் பூலுடையார்.

"வெடிக்குமா வெடிக்காதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. பொறவு நாங்க பாத்துக்கிடுதோம். எங்கிட்ட சோடி மாடு இருக்கு, வடம் இருக்கு."

இசக்கியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "மாடு இருக்கு, வடம் இருக்கு. தலைக்குள்ள இருக்க வேண்டிய மூளை மட்டும் கரைக்கு அந்தப் பக்கம் கெடக்கு" என்றாள். ஏட்டையா குடைக்குள் சிரித்தார்.

பங்களாவுக்குத் திரும்பியதும் அந்த விமானத்தின் படம் ஏதாவது உண்டா என்று தேடினேன். இருந்தது ஒன்றே ஒன்று. விழுந்த அன்று காலையில், கிழக்கே கரிசல் காட்டு விமானத் தளத்தில் எடுத்த குழுப் படம். தளத்தில் இருந்தவர்கள் தென்காசியிலிருந்து ஒரு போட்டோக் கடைக்காரரை வரவழைத்து எடுத்துக்கொண்டது. ஒன்பது பேர் நிற்கிறார்கள். பின்னால் விமானம். அதன் பக்கத்தில் எழுதிய எழுத்துகள் மலையில் கிடந்த சிதைவின் எழுத்துகளோடு ஒத்துப்போயின. இறக்கைக்கு அடியில் இரண்டு குண்டுகள்.

மூன்று நாள் அந்த ஒரு படத்தோடு இருந்தேன். சக்கரத்தை வைத்து அளந்தேன். நீளமும் சுற்றளவும் குளத்தில் கிடந்ததோடு பொருந்தின. இனத்தைத் தீர்மானித்துவிட்டேன். அதில் பிழை இல்லை, இன்றைக்கும் அந்த அளவுகளை எடுத்துப் பார்க்கலாம். அடுத்து வளையம். ஒரு குண்டின் மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. இன்னொன்றின் மூக்கு நன்றாகவே தெரிந்தது. அதன் உடம்பில் இருந்திருக்கக் கூடிய மற்றக் குறிகளை, அதன் மேல் முழங்கையை ஊன்றி நின்ற ஒருவரின் சட்டைக் கை மறைத்திருந்தது. மூக்கு முழுக்க ஒரே கருமை. உருப்பெருக்கியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வளையம் இல்லை.

'கண்டது' பத்தியில் பத்தொன்பது குறிப்புகள் எழுதினேன். 'கருதியது' பத்தியில் ஒன்றுதான், மணல் குண்டு. துணைக் காரணங்களும் சேர்த்தேன். விழுந்தும் வெடிக்கவில்லை. அந்தத் தளத்தில் பயிற்சிப் பறப்பு நடந்ததும் தெரிந்த செய்தி. உங்களிடம் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். பாதுகாப்பு ஊசியைப் பிடுங்காமல் கழற்றிவிட்டால் உண்மைக் குண்டும் வெடிக்காமல் விழும் என்பது எனக்குத் தெரியும். எழுதும்போது அது நினைவுக்கும் வந்தது. கூடவே அந்த வீட்டில் தொடாமல் வைத்திருக்கும் விதை நெல்லும் நினைவுக்கு வந்தது. ஊசியைப் பற்றி எழுதாமல் விட்டேன். மேலதிகாரி என் நாலு ஆண்டு அறிக்கைகளை நம்பிக் கையெழுத்துப் போட்டார். கடிதம் தாசில்தாருக்குப் போயிற்று.

எட்டாம் நாள் காலை. மேலதிகாரி ஜீப்பை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போயிருந்தார். தென்காசி போட்டோக் கடை அண்ணாச்சி பங்களாவுக்கு வந்தார். அந்தக் குழுப் படத்தின் கண்ணாடித் தகடு உடைந்துபோய்விட்டதாம். இருக்கிற ஒரே பிரதி எங்களிடம் இருப்பதுதான். வேலை முடிந்துவிட்டால் தர முடியுமா, வேறொரு பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன் என்றார். எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். அவர் தம் படத்தையே பார்த்து உச்சுக்கொட்டினார்.

"இந்த வாளியைத் தூக்கி அங்கன வைங்கன்னு எத்தனை தரம் சொன்னேன். ஒருத்தனும் கேக்கலை. பாருங்க, படத்துல மூணு ஓட்ட விழுந்த மாரி நிக்கி."

சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில் மூன்று வாளிகள் தொங்கின. என்ன வாளி என்று கேட்டேன்.

"தீ அணைக்குத வாளிதான். நல்ல ரத்தச் செவப்பு. செவப்பு எங்க தகட்டுல கரியாத்தான விழும்? கல்யாண வீட்டுல பொண்ணுக்குக் குங்குமத்தை லேசா வையிங்கன்னு நான் கெஞ்சுவேன். கேக்காம வச்சுட்டு, பொறவு நெத்தியில பொத்தல் போட்டுட்டான்னு எங்கிட்ட சண்டைக்கு வருவாளுக."

அவர் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. சிவப்பைக் கறுப்பாகக் காட்டும் தகடும் உண்டு, சாம்பல் நிறமாகக் காட்டும் பிலிமும் உண்டு என்பது பயிற்சியின் முதல் வாரப் பாடம். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் நாலு ஆண்டாக எங்களுக்கு வந்த படமெல்லாம் சிவப்பைச் சாம்பலாகக் காட்டும் ராணுவப் பிலிம். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அந்தப் பிலிமில் எடுத்ததாகவே எடுத்துக்கொள்ள என் கண் பழகிவிட்டது. கரும்பச்சைக் குண்டின் மேல் சிவப்பு வளையம். அண்ணாச்சியின் தகட்டில் இரண்டும் ஒரே கறுப்பு. அந்த மூக்கில் வளையம் இருந்ததா இல்லையா என்பதை அந்தப் படம் யாருக்கும் சொல்லாது.

ஊரார் குண்டை இழுப்பது என்றைக்கு என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டினார். தாசில்தார் அலுவலகத்திலிருந்து அனுமதி போய்விட்டது, இன்றைக்குத்தான் என்றார். தந்தி கொடுத்தால் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன். சாயங்காலம் என்றார். அறிக்கையை ரத்து செய்ய வேண்டும் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. கையெழுத்து மேலதிகாரியுடையது, அவர் வராமல் ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை, வேலையே போய்விடும் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. விதிப்புத்தகத்தில் நீங்களும் படித்துக்கொள்ளலாம்.

அலுவலக சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குளத்துக்கு நாலு மைலுக்கு மேல் இருக்கும். வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மனதுக்குள் ஒரு பட்டியல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வடம் எவ்வளவு நீளம் இருக்கும், மாடுகள் எங்கே நிற்கும், கரையில் எத்தனை பேர் இருப்பார்கள். எல்லாம் எனக்குத் தெரியாதவை.

போய்ச் சேர்ந்தபோது குண்டைச் சுற்றி வடம் கட்டியாகிவிட்டது. பூலுடையார் மாடுகளை நுகத்தில் பூட்டி, வடத்தை இழுத்துத் தளர்வு பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் இருபது முப்பது பேர், பெண்களும் உண்டு. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மாட்டுக்கும் குண்டுக்கும் இடையில் போய் நின்றேன். மூச்சு வாங்கியது. இழுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

ஏட்டையா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மரியாதையாகவே என்னிடம் காட்டினார். பயமில்லை என்று உங்கள் ஆபீஸே எழுதிக் கொடுத்திருக்கிறதே என்றார். என் அறிக்கையின் நகல்தான்.

பூலுடையார் மூக்கணாங்கயிற்றை விடாமல் நின்றார்.

"இந்தத் தாளை எழுதுனது யாரும்மா?"

"நான்தான்."

"இப்போ வேண்டாம்னு சொல்லுதது?"

"அதும் நான்தான்."

"ரெண்டுல எது நெசம்?"

குண்டு வெடிக்கும் என்று சொல்லிவிட்டால் அவர் உடனே மாட்டை அவிழ்த்துவிடுவார், அது எனக்குத் தெரியும். ஆனால் அதையும் நான் காணவில்லை.

"வெடிக்குமா வெடிக்காதான்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அன்னைக்குத் தெரியும்னு நெனச்சு எழுதிட்டேன். அந்தப் படத்தை வச்சு யாராலயும் சொல்ல முடியாதுன்னு இன்னைக்குக் காலைலதான் தெரிஞ்சது."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. படித்த பிள்ளை பயந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். மழை மேற்கே மலைக்கு வந்துவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். அதுவும் உண்மைதான், உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. பூலுடையார் மேகத்தைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஏட்டையாவிடமிருந்து தாளை வாங்கி, குறுக்கே கோடு போட்டு, 'இந்த அறிக்கை செல்லாது' என்று எழுதி என் பெயரை எழுதினேன். மேலதிகாரியின் கையெழுத்துக்கு நேர் கீழே.

இசக்கியம்மாள்தான் கரையிலிருந்து இறங்கி வந்தாள். நேரே மாடுகளிடம் போனாள்.

"தப்புன்னு தெரிஞ்ச பொறவு சைக்கிள்ல மிதிச்சு வந்து சொல்லுது. நமக்கென்ன கேடு. அவுத்து விடுங்க மாட்டை" என்றாள். புருஷன் கைக்குக் காத்திராமல் அவளே பூட்டாங்கயிற்றை அவிழ்த்தாள்.

சாயங்காலம் மேலதிகாரி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அறிக்கையின் மூலத்தை எடுத்து வரச் சொன்னார். விளக்கடியில் வைத்து 'கண்டது' பத்தியை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போனார். பதினாறில் நின்றார். பதினாறு: கறுப்பு வாளிகள் மூன்று, தாங்கியில்.

"எந்த விமானத் தளத்துலம்மா கறுப்பு வாளி பாத்திருக்க?" என்று கேட்டார்.

விரல் இன்னும் கீழே போயிற்று. பத்தொன்பது: மூக்கில் சிவப்பு வளையம் இல்லை.

"இல்லாததை எப்படிக் கண்டே?"

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலக் கேட்டார். பிறகு ஊசி விஷயத்தை எழுதாமல் விட்டதையும் நானே சொன்னேன். ஏன் என்று கேட்டார். அந்த வீட்டு விதை நெல்லைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தாமும் அதை நினைத்துத்தான் இரண்டாம் முறை படிக்காமல் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். அந்த ரத்துக் குறிப்பில் என் பெயருக்குக் கீழே தம் பெயரையும் எழுதி, அன்றே வெடிகுண்டுக் குழுவுக்குத் தந்தி கொடுத்தார். என் வேலை போகவில்லை. அதற்காக அவர் யாரிடம் என்ன பேச்சு வாங்கினார் என்பது எனக்குத் தெரியாது, கேட்டும் அவர் சொல்லவில்லை.

குழு வருவதற்கு ஆறு நாள் முன்னால் சாரல் தொடங்கிவிட்டது. உடைப்பு வழியே குளத்துத் தண்ணீர் செம்மண்ணாக ஓடிற்று. ஊரார் முன்னால் போட்டிருந்த மண்ணையும் அடித்துக்கொண்டு போனது. குழுவினர் இடுப்பளவு சேற்றில் நின்று குண்டை எடுத்தார்கள். மேற்கே ஆளில்லாத பொட்டலுக்குக் கொண்டுபோய் வைத்து வெடிக்கச் செய்தார்கள். அது மணல் குண்டு இல்லை. ஊரே தூரத்தில் நின்று பார்த்தது. சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தபோது, கையிலிருந்த பிள்ளைகளின் காதைத் தாய்மார் பொத்தினார்கள்.

குழுத் தலைவரிடம் கேட்டேன், மாட்டைப் பூட்டி இழுத்திருந்தால் வெடித்திருக்குமா என்று. ஊசி பாதி துருப்பிடித்திருந்தது, ஆனாலும் பத்துத் தரம் இழுத்தாலும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம் என்றார். அதைப் பூலுடையாரிடம் அப்படியே சொன்னேன்.

"பதினோராந் தரம் எதுன்னு சொன்னாரா?" என்று கேட்டார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தப் போகத்துக்குக் கார் நெல் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இதோடு முடித்திருந்தால் நான் நல்லவளாகவே பேர் எடுத்துப் போயிருப்பேன். ஊரில் அப்படித்தான் பேசினார்கள். சைக்கிளில் வந்து காப்பாற்றிய பிள்ளை என்றார்கள். அன்று ராத்திரி நான் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன், பழக்கம். மணல் குண்டு என்று எழுதிக் கொடுத்ததிலிருந்து ரத்து செய்த நாள் வரை எட்டு நாள். முதல் நாளே 'தெரியாது' என்று எழுதியிருந்தால் தந்தி எட்டு நாள் முன்னால் போயிருக்கும், குழுவும் எட்டு நாள் முன்னால் வந்திருக்கும். அவர்கள் வந்தது சாரல் தொடங்கி ஆறாம் நாள். எட்டில் ஆறு போக இரண்டு. இரண்டு நாள் மழையில்லாத மண் கிடைத்திருக்கும். உடைப்பை அடைக்க அவர் கேட்டதே இரண்டு நாள்தான்.

இந்தக் கழித்தலை வேறு யாரும் போட்டுப் பார்க்கவில்லை. தாசில்தாருக்குத் தேவையில்லை. பூலுடையாருக்கு எங்கள் அலுவலகத் தேதிகள் தெரியாது. மேலதிகாரி ஒருவேளை போட்டிருப்பார். ஆனால் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் அதை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன்.

அவர் வயலில் இருந்தார். நெல்லுக்குத் தண்ணீர் நிற்காது என்று, சாரல் ஈரத்தை நம்பி உளுந்து தெளித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் விதைப் பெட்டி. இசக்கியம்மாள் பின்னாலேயே மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு வந்தாள். வரப்பிலிருந்து கூப்பிட்டால் மரியாதையாக இருக்காது என்று உள்ளே இறங்கி நடந்து போய் அவர் பக்கத்தில் நின்று சொன்னேன். எட்டு நாள், ஆறு நாள், இரண்டு நாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் தெளிப்பதை நிறுத்தினார். இசக்கியம்மாளும் நிமிர்ந்து நின்றாள்.

"நீங்க வந்து சொல்லலைன்னா இது எனக்குத் தெரிஞ்சிருக்குமாம்மா?"

"தெரிஞ்சிருக்காது."

"பொறவு எதுக்குச் சொல்லுதிய?"

வரும் வழியெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது என் பாரம் இறங்க நான் எனக்காக வைத்திருந்த பதில் என்று தோன்றியது. சொல்லவில்லை.

அவர் பெட்டியில் கையை விட்டு ஒரு பிடி உளுந்து எடுத்தார். எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எட்டு நாளு" என்றார். என்னிடம் சொன்னதாகத் தோன்றவில்லை. பிறகு என் காலைப் பார்த்தார். "வரப்புல போயி நில்லுங்கம்மா. வெதச்ச எடத்துல நிக்கிய."

நான் வந்த அடிகளின் மேலேயே அடி வைத்து வரப்புக்குத் திரும்பினேன். அவர் கையை வீசித் தெளித்துக்கொண்டே மறு கோடிக்குப் போனார், அங்கிருந்து திரும்பி வந்தார். அந்த வயல் முடியும் வரை நின்றிருந்தேன்.